துல்லியோவின் பங்கு

அத்தியாயம் 11

அன்று காலை சான் விதாலே ஊரில் மருந்து வாங்க வந்தவர்களைவிட அபிப்பிராயம் சொல்ல வந்தவர்கள்தான் அதிகம்.

நிவெஸ் தன் மருந்துக்கடையின் ஷட்டரைத் தூக்கும்போதே பனிமூட்டத்தில் நாலைந்து பேர் கோட்டுக் கழுத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள். முதல் ஆள் ஜெர்மானா. அவள் மருமகனுக்குத் தொனாத்தி கார் தொழிற்சாலையில் பெயின்ட் பிரிவில் வேலை. கோடையிலிருந்து வாரத்தில் பாதி நாள்தான் கூப்பிடுகிறார்கள்.

"டாக்டரம்மா, பிரஷர் மாத்திரை. எப்பவும் தர்றதுதான்." மருந்துக்கடை வைத்திருப்பவரையும் அந்த ஊரில் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அளந்து பார்த்தீங்களா? வாங்க, பார்த்துடலாம்."

"எதுக்கு? இன்னிக்கு நீங்க கையைத் தூக்கினா எனக்குத் தானா இறங்கிடும். தூக்கலைன்னா எகிறிடும். என் பிரஷர் உங்க கையிலதான் இருக்கு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நிவெஸ் சிரிக்கவில்லை. மாத்திரை அட்டையைக் காகித உறையில் போட்டு நீட்டினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க, டாக்டரம்மா. உங்க துக்கம் எங்களுக்குத் தெரியாதா? ஆனா ஒருத்தர் செஞ்ச அவசரத்துக்கு ஊரே எத்தனை நாள் பட்டினி கிடக்கிறது?"

ஒருத்தர் செஞ்ச அவசரம். பதினாறு வருஷமாக நிவெஸ் இந்த வார்த்தையைப் பல தினுசாகக் கேட்டுவிட்டாள். முடிவெட்டும் கடையில், சர்ச் வாசலில், மகளின் பள்ளிக்கூடத்தில். பெல்ஜியத்துக் காட்டுக்குள் ஓடும் பந்தயத் தடத்தில், ஒரு திருப்பத்தில், அவள் கணவன் துல்லியோ தொனாத்தி தன் குடும்பத்தின் பெயர் எழுதிய வண்டியோடு தடுப்புச் சுவரில் மோதி எரிந்துபோனான். ஓட்டுநரின் தவறு, திருப்பத்தில் அளவுக்கு மீறிய வேகம் என்று கம்பெனி சொன்னது. விசாரித்தவர்களும் அதையே சொல்லி முடித்தார்கள்.

அவனுடைய அப்பா அமெதேயோ, பிணப்பெட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு, தொனாத்தி இனி பந்தயத்தில் ஓடாது என்று அறிவித்தார். மிஞ்சிய இரும்பை உருக்கச் சொன்னார். பந்தயப் பிரிவின் கதவைப் பூட்டினார். மகனை இழந்த தகப்பன் வேறென்ன செய்வான் என்று ஊர் உச்சுக்கொட்டியது.

போன வாரம்தான் அந்தப் பூட்டுக்கு ஆபத்து வந்தது. துல்லியோவின் தம்பி ருஜேரோ, இப்போது கம்பெனியை நடத்துகிறவன், பணம் போட வந்த ஜெர்மன்காரர்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வந்தான். அவர்கள் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு, பந்தயத்தில் ஓடாத வேகக் காரை இனி யாரும் வாங்கப்போவதில்லை, நீங்கள் இருபத்து நாலு மணி நேரப் பந்தயத்துக்குத் திரும்பினால் மட்டுமே நாங்கள் பணம் போடுவோம் என்றார்கள். அமெதேயோ ஒயின் கிளாஸைத் தரையில் அடித்தார். நான் சாகிற வரைக்கும் நடக்காது என்றார்.

கம்பெனியில் மூன்றே பங்கு. ஒன்று அமெதேயோவுக்கு. ஒன்று ருஜேரோவுக்கு. துல்லியோவின் பங்கு நிவெஸுக்கு. மூன்றில் இரண்டு எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம்தான் கம்பெனி. வாக்கெடுப்பு இன்று சாயங்காலம்.

நிவெஸுக்குக் குழப்பமே இல்லை. மாமனார் பக்கம்தான்.

கூட்டம் கலைந்த பிறகு ஜியாதா வந்தாள். நிவெஸின் ஒரே மகள். இன்ஜினீயரிங் கடைசி வருஷம். மிச்ச நேரமெல்லாம் தாத்தாவின் தொழிற்சாலையில் இன்ஜின் சோதிக்கும் கூடத்தில்தான் இருப்பாள். தலைமுடியில் எப்போதும் எண்ணெய் வாசம்.

"அம்மா, முடிவு பண்ணிட்டியா?"

"உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் கேட்கிறேன்." கல்லாமேஜைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். "அப்பா செத்தார்ங்கறதுக்காக வண்டியே ஓடக்கூடாதா? கடல்ல விழுந்து செத்தா, கடலை மூடிடுவாங்களா?"

"உங்க தாத்தா பட்ட வேதனை உனக்குத் தெரியாது. சமையலறைத் தரையில உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். நீ ஜுரத்தோட உள்ளே படுத்திருந்தே."

ஜியாதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கல்லாவிலிருந்த இருமல் மிட்டாயை ஒன்று எடுத்து உரித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"மத்தியானம் தாத்தா வீட்ல சாப்பாடு. நான் வரலை, வேலை இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

* * *

வெள்ளிக்கிழமைகளில் மாமனாருக்கு நிவெஸ்தான் சமைப்பாள். மாமியார் போன பிறகு வந்த பழக்கம். இறைச்சி அடைத்த மாவுச் சுருளான தொர்தெல்லினியைக் கொதிக்கும் கோழிக் குழம்பில் போட்டு, அவை மேலே மிதந்து வரும்வரை காத்திருந்தாள். கூடத்தில் அமெதேயோ மேஜையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தில் நாப்கினைச் செருகிக்கொண்டிருந்தார். எண்பதைத் தாண்டியும் முதுகு வளையவில்லை.

"எங்கேம்மா, சீஸ் துருவியிருக்கியா?"

"வச்சிருக்கேன், மாமா."

"நீ இருக்கிறதாலதான் நான் இருக்கேன். எனக்குன்னு பிறந்தது ஒண்ணு இருக்கே, அதுக்கு ஜெர்மன்காரன்தான் அப்பன்."

அந்த ஒன்று அப்போது கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தது. ருஜேரோவின் கையில் சுருட்டிய வரைபடம். கோட்டைக் கழற்றாமலே அதை மேஜைமேல் விரித்து, ஒரு ஓரத்தை ஒயின் பாட்டிலாலும் மறு ஓரத்தை ரொட்டிக் கூடையாலும் அழுத்தினான்.

புது வண்டியின் படம். தாழ்வான, நீண்ட, அடர்பச்சை வண்டி. கதவுப் பக்கத்தில் வெள்ளை எழுத்தில் ஒரு பெயர். துல்லியோ.

"பாருங்க, அண்ணி. வண்டிக்கே அண்ணன் பேருதான். உலகமே பார்க்கும். அவன் கனவு இது."

நிவெஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். "அவர் பேரைக் கொண்டு போய் வண்டியில ஒட்டாதே, ருஜேரோ. சந்தையில கூவி விக்கிற மாதிரி இருக்கு."

"கிழிச்சுப் போடு அதை," என்றார் அமெதேயோ. படத்தைப் பார்க்கக்கூட இல்லை.

"அண்ணி, ஒரு தடவை நிதானமா யோசிங்க. ஆயிரம் குடும்பம்."

"நான் யோசிச்சாச்சு. மாமாவும் நானும் இந்த விஷயத்துல ஒரே மனசு. அவர் மகனைக் கொடுத்திருக்கார். நான் புருஷனைக் கொடுத்திருக்கேன். நீ என்ன கொடுத்தே?"

அது சுட்டது. ருஜேரோவின் காது சிவந்தது. அப்பாவைப் பார்த்தான். அமெதேயோ ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே மனசா?" என்றான் ருஜேரோ. "அப்பா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"வாயை மூடு."

"பதினாறு வருஷமா மூடித்தான் வச்சிருக்கேன்."

"ருஜேரோ!"

கிழவரின் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. அந்தக் குரலில் பயத்தை நிவெஸ் இதுவரை கேட்டதில்லை. அடுப்பில் குழம்பு பொங்கி வழிந்து சுறுசுறுவென்றது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"என்ன விஷயம்?" என்றாள்.

ருஜேரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கோட்டு இன்னும் உடம்பில் இருந்தது.

"அன்னிக்கு தடத்தோரத்துப் பிட் சுவர்ல, ஓட்டுறவன்கிட்ட பேசற இடத்துல, மூணு பேர் காதுல ஹெட்ஃபோன் இருந்தது. அப்பா, நான், மெக்கானிக் வால்தர். வால்தர் போய்ச் சேர்ந்துட்டான். அண்ணன் பேசினதைக் கேட்டவங்க இப்போ நாங்க ரெண்டு பேர்தான்."

"என்ன பேசினார்?"

"பின்பக்கம் ஆடுது, நிறுத்திப் பார்க்கணும், உள்ளே வரேன்னான். அப்பா வேணாம்னார். மறுபடி கேட்டான். திருப்பத்துல வண்டி என் பேச்சைக் கேட்க மாட்டேங்குது, உள்ளே வரேன், தயாரா இருங்கன்னான். அப்பா சொன்னார், முன்னாடி போறவன் கைக்கெட்டுற தூரத்துல இருக்கான், இப்போ உள்ளே வந்தா எல்லாம் போச்சு, ஓட்டுன்னு." ருஜேரோ கோட்டுப் பொத்தானைத் திருகினான். "அவன் ஓட்டினான், அண்ணி. அப்பா சொல்லிட்டாரேன்னு ஓட்டினான்."

நிவெஸ் மாமனாரைப் பார்த்தாள். பொய் என்று ஒரு வார்த்தை சொல்லுவார் என்று காத்திருந்தாள். அவர் பிய்த்த ரொட்டியைக் கிண்ணத்தில் போட்டார். அது குழம்பில் ஊறி உப்பியது.

"மாமா?"

"எல்லா ஓட்டுநரும் அப்படித்தான் சொல்லுவாங்க," என்றார் அமெதேயோ. "முன்னாடி ஆடுது, பின்னாடி ஆடுது, பிரேக் பிடிக்கலை. கேட்ட உடனே எல்லாரையும் உள்ளே கூப்பிட்டா யார் ஜெயிக்கிறது? எனக்கு எப்படித் தெரியும், அன்னிக்கு நிஜமாவே ஆடினதுன்னு?"

"அது எனக்குப் புரியுது," என்றாள் நிவெஸ். தன் குரல் இத்தனை நிதானமாக வருவது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "அது தப்புக் கணக்கு. யாருக்கும் வரும். ஆனா அதுக்கப்புறம் அவர் தப்புன்னு ஏன் சொன்னீங்க?"

"வண்டி மேல தப்புன்னு சொல்லியிருந்தா மறுநாளே கம்பெனியை மூடியிருப்பாங்க. இருக்கிறவங்க சாப்பிடணுமேம்மா. நீ, குழந்தை, இந்த ஊர். செத்தவன் மேல பழி போட்டா அவனுக்கு வலிக்கவா போகுது?"

"எனக்கு வலிச்சுதே."

கிழவர் கழுத்திலிருந்த நாப்கினை உருவி மேஜைமேல் வைத்தார்.

"உருக்கச் சொன்னீங்களே, அது துக்கத்துல இல்ல. யாரும் மறுபடி எடுத்துப் பார்க்கக் கூடாதுன்னு. பந்தயத்தை விட்டதும் அதுக்குத்தான். மறுபடி ஓட ஆரம்பிச்சா பழசைக் கிளறுவாங்கன்னு. இல்லையா, மாமா?"

"ரெண்டும்தான்," என்றார் அமெதேயோ மெல்ல. "ரெண்டும்தான்மா. நம்பினா நம்பு."

நம்பலாம் என்றுதான் தோன்றியது. அதுவே இன்னும் கசந்தது.

நிவெஸ் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். வழிந்த குழம்பைத் துடைத்தாள். கை தானாக வேலை செய்தது. துல்லியோ கடைசியாகக் கிளம்பின அன்று, வாசலில் வைத்து அவளுக்கு ஒரு சத்தியம் செய்து கொடுத்திருந்தான். நான் வருவதற்குள் குழந்தைக்கு ஜுரம் விட்டிருக்கும், பத்திரமாக ஓட்டிவிட்டு வருவேன், முட்டாள்தனம் எதுவும் செய்ய மாட்டேன் என்று. செத்த செய்தி வந்தபோது அழுகைக்கு முன்னால் அவளுக்குக் கோபம்தான் வந்தது. சத்தியத்தை மீறிவிட்டான், அவளையும் குழந்தையையும்விட ஒரு திருப்பம் அவனுக்குப் பெரிதாகப் போய்விட்டது என்ற கோபம். முதல் இரண்டு வருஷம், கல்லறைத் திருநாளில் ஊரே பூவோடு கல்லறைக்குப் போனபோது அவள் போகவில்லை. பிறகு போனாள், போய் நின்று மனசுக்குள் சண்டை போட்டுவிட்டு வந்தாள். ஒவ்வொரு வருஷமும். பதில் சொல்ல முடியாதவனிடம், அவன் செய்யாத ஒன்றுக்காக.

அவன் உள்ளே வரத்தான் கேட்டிருக்கிறான். இரண்டு தடவை கேட்டிருக்கிறான்.

கூடத்துக்குத் திரும்பி வந்து ருஜேரோவின் முன்னால் நின்றாள்.

"நீ ஏன் இத்தனை நாள் சொல்லலை?"

"அப்பா என்னைச் சத்தியம் பண்ண வச்சார். அப்போ எனக்கு இருபது வயசு, அண்ணி."

"அப்புறம் முப்பதும் ஆச்சே. சரி, இன்னிக்கு ஏன் சொன்னே?"

ருஜேரோ வரைபடத்தின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தான். கதவுப் பக்கத்து வெள்ளை எழுத்தின் மேல் ஒரு துளி குழம்பு விழுந்திருந்தது. அதை விரலால் துடைத்தான். அது இன்னும் பரவியது.

"ஓட்டுக்காகத்தானே?" என்றாள் நிவெஸ்.

அவன் மறுக்கவில்லை. அந்த அளவுக்காவது நேர்மை இருந்தது.

* * *

தொழிற்சாலையின் கூட்ட அறையில் நீள மேஜைக்கு ஒரு பக்கம் அமெதேயோ, எதிர்ப்பக்கம் ருஜேரோ. நடுவில் வக்கீல் பாசோலி அம்மாள், கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டுக்கொண்டு, பேனாவைத் திறந்து வைத்திருந்தார். ஜன்னலுக்குக் கீழே கேட்டுக்கு வெளியே ஊர் திரண்டிருந்தது. வறுத்த கஷ்கொட்டை வாசனை மேலே வரைக்கும் வந்தது. திருவிழா மாதிரி யாரோ அடுப்பே கொண்டுவந்து போட்டுவிட்டார்கள்.

நிவெஸ் கடைசியாக வந்தாள். இரண்டு ஆண்களுக்கும் நடுவே காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். வழக்கமாக மாமனாரின் பக்கம்தான் உட்காருவாள்.

பாசோலி தீர்மானத்தைப் படித்தார். தொனாத்தி நிறுவனம் தொழில்முறைக் கார் பந்தயத்துக்குத் திரும்புவதா, வேண்டாமா. அவ்வளவுதான்.

"நான் முதல்ல பேசலாமா?" என்றாள் நிவெஸ்.

"தாராளமா, சிஞ்ஞோரா."

"நான் ஆதரவா ஓட்டு போடறேன்."

ருஜேரோவின் தோள்கள் தளர்ந்தன. அமெதேயோ கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒரு நிபந்தனை. திரும்பி வர்றோம்னு அறிவிக்கிற அதே அறிக்கையில இன்னொண்ணும் வரணும். அன்னிக்கு நடந்தது ஓட்டினவர் தப்பு இல்ல. வண்டி ஆடுது, உள்ளே வரேன்னு அவர் கேட்டார். நாங்க விடலை. கம்பெனி இதைச் சொல்லணும். சொன்னா, நாளைக்கே பந்தயத்துக்குப் போங்க. அவர் பேரை வண்டியில எழுதுங்க, நானே வந்து பெயின்ட் அடிக்கிறேன்."

பாசோலியின் பேனா அப்படியே நின்றது. அவருக்கு இந்த விஷயம் புதுசு. மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

ருஜேரோ வறட்டுச் சிரிப்புச் சிரித்தான். "அண்ணி, எங்க வண்டியை நம்பாதீங்கன்னு நாமளே ஊருக்குத் தண்டோரா போடணும்கறீங்க. ஜெர்மன்காரங்க அடுத்த நிமிஷமே எழுந்து போயிடுவாங்க. பந்தயக் கழகம் அனுமதியே தராது."

"மத்தியானம் நீதானே சொன்னே, இது அண்ணனோட கனவுன்னு?"

"கனவுதான்."

"கனவு கண்டவர் மேல இருக்கிற பழியைத் துடைக்கச் சொன்னா மட்டும் கஷ்டமா இருக்கா?"

"செய்யலாம், அண்ணி. பிறகு செய்யலாம். முதல்ல ரெண்டு பந்தயம் ஜெயிக்கட்டும், பேர் கொஞ்சம் ஊன்றட்டும்."

"இப்போ செய். இல்லைன்னா நான் எதிர்ப்பு. மாமாவும் எதிர்ப்பு. உன் வண்டி படத்துலயே நிக்கட்டும்."

கணக்கு அவள் மனசில் தெளிவாக இருந்தது. கிழவர் எப்படியும் கையைத் தூக்கப் போவதில்லை. அவள் இல்லாமல் ருஜேரோவுக்கு வழியில்லை. உண்மையைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அறையைச் சூடுபடுத்தும் ரேடியேட்டர் டிக் டிக்கென்று சூடேறிக்கொண்டிருந்தது. ருஜேரோ மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கணம் அவன் இறங்கி வந்துவிடுவான் போலத்தான் இருந்தது. உதட்டைக்கூடத் திறந்தான்.

அமெதேயோ கனைத்தார்.

"பாசோலி, எழுதிக்கோங்க. என் ஓட்டு ஆதரவு."

யாருக்கும் சட்டென்று புரியவில்லை. வக்கீல் அம்மாள், "மன்னிக்கணும், ஐயா, ஆதரவுன்னா...?" என்றார்.

"பந்தயத்துக்குத் திரும்பலாம். எந்த நிபந்தனையும் இல்லாம." கிழவர் கையைத் தூக்கினார். "இப்போ ருஜேரோ தூக்கினா ரெண்டு ஆச்சு. ரெண்டு போதும்."

ருஜேரோ அப்பாவை வெறித்துப் பார்த்தான். பிறகு அவன் முகத்தில் விஷயம் மெதுவாக இறங்குவதை நிவெஸ் பார்த்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவேயில்லை. கையைத் தூக்கினான்.

பதினாறு வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டும் சரியாகப் பேசிக்கொள்ளாத அப்பனும் மகனும், அவளைத் தாண்டிக் கைகோத்துவிட்டார்கள். அதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"மாமா," என்றாள் நிவெஸ். "நீங்க சாகிற வரைக்கும் நடக்காதுன்னீங்க."

"நான் செத்த பிறகு என்னை என்ன வேணா சொல்லிக்கோ," என்றார் அமெதேயோ. "உயிரோட இருக்கும்போது வேணாம். ஜியாதா என் முகத்தைப் பார்க்கணும்."

"உங்க ஓட்டு, சிஞ்ஞோரா?" என்றார் பாசோலி, கேட்கவே கூச்சப்பட்டவர் போல.

"எதிர்ப்பு."

பேனா காகிதத்தில் ஓடியது. தீர்மானம் நிறைவேறியது.

* * *

செய்தி அவளுக்கு முன்னால் படியிறங்கிவிட்டது. அவள் முற்றத்துக்கு வரும்போது தொழிற்சாலைச் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. வேலை முடிகிற நேரமே இல்லை; எவனோ சந்தோஷத்தில் இழுத்துவிட்டிருந்தான். ஆட்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ஜெர்மானா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவள் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள்.

"நீங்க எங்களைக் கைவிட மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும், டாக்டரம்மா! நல்லா இருப்பீங்க!"

நிவெஸ் வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன் என்றா? அந்த அம்மாளின் கன்னம் கண்ணீரில் நனைந்திருந்தது. தலையை மட்டும் ஆட்டினாள்.

ஜியாதா நீல வேலைச்சட்டையோடு ஓடி வந்தாள். முகமெல்லாம் பல்.

"அம்மா! தாத்தாவே கையைத் தூக்கினாராமே! நம்பவே முடியலை! சித்தப்பா எனக்கு வாக்குக் கொடுத்திருக்கார் தெரியுமா? என்னைப் பிட் சுவர்ல உட்கார வைக்கிறாராம். ஓட்டுநர்கிட்ட பேசற இடம். ஹெட்ஃபோன் எனக்குத்தான்."

நிவெஸ் மகளின் கையைப் பிடித்துப் பூட்டிக்கிடந்த பந்தயப் பிரிவின் பக்கம் இழுத்துப் போனாள். அங்கே சத்தம் கொஞ்சம் குறைவு. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. தொடங்கிவிட்டாள்.

"ஜியாதா, கேளு. உங்கப்பா அன்னிக்கு அவசரப்படலை. வண்டி ஆடுது, உள்ளே வரேன்னு கேட்டிருக்கார். உங்க தாத்தா..."

"தெரியும்மா."

நிவெஸ் அவள் கையை விட்டுவிட்டாள்.

"என்ன தெரியும்?"

"எல்லாம்." ஜியாதா தரையைப் பார்த்தாள். "சித்தப்பா கோடையிலேயே சொல்லிட்டார்."

"கோடையிலேயே? என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீ தாத்தா முகத்துலயே முழிச்சிருக்க மாட்டே. எனக்கு அவர்தானேம்மா சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுத்தார், ஸ்கூலுக்குக் கூட்டிப் போனார். அவரை விட்டுட்டு நான் எங்கே போவேன்?"

"காலையில கடையில நின்னு எங்கிட்ட கடல் கதை சொன்னியே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்." அவள் குரல் கொஞ்சம் இறுகியது. "அப்பா திரும்பி வரப்போறாராம்மா? இந்தக் கேட்டுக்கு வெளியே நிக்கிறவங்க நாளைக்குச் சாப்பிடணும். நான் அந்த நாற்காலியில உட்கார்ந்தா, உள்ளே வரேன்னு எவன் கேட்டாலும் வான்னுதான் சொல்லுவேன். அது போதாதா?"

மத்தியானம் மேஜையில் கேட்ட அதே நியாயம். குரல் மட்டும் சின்ன வயசு. நிவெஸ் மகளின் முகத்தைப் பார்த்தாள். துல்லியோவின் நெற்றி, துல்லியோவின் கண். வாயின் ஓரத்தில் இருந்த அந்தப் பிடிவாதம் யாருடையது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் ஏதும் சொல்வதற்குள் ருஜேரோ கைதட்டிக் கூப்பிட்டான்.

"அண்ணி! ஜியாதா! வாங்க, படம் எடுக்கணும்!"

பத்திரிகைக்காரர்களை அவன் முன்னாலேயே வரச் சொல்லியிருந்தான் போலிருக்கிறது. கேட்டுக்குப் பக்கத்தில் கேமராக்கள், நீட்டிய செல்ஃபோன்கள். அமெதேயோவுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்து உட்கார்ந்திருந்தார். ருஜேரோ நிவெஸின் முழங்கையை மெதுவாகப் பிடித்துக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினான். ஜியாதா தாத்தாவின் தோளில் கை வைத்து மறுபக்கம் நின்றாள்.

விளக்குகள் பளிச்சிட்டன. மோதெனா நகரத்திலிருந்து வந்த நிருபர் பெண் ஒருத்தி செல்ஃபோனை நிவெஸின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"சிஞ்ஞோரா, உங்களுக்குத்தான் இது பெரிய நாள். உங்க கணவர் இன்னிக்கு இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பார்?"

ஊர் அமைதியாகிவிட்டது. கண்ணீரும் கதையும் கலந்த நல்ல பதில் ஒன்றுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள்.

"இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பார்னு எனக்குத் தெரியலை," என்றாள் நிவெஸ். "கடைசியா என்ன சொன்னார்னுதான் தெரியும். அதுவும் இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

நிருபர் பெண் ஓர் அடி நெருங்கி வந்தாள். "என்ன சொன்னார்?"

ருஜேரோவின் விரல்கள் முழங்கையில் இறுகின. அமெதேயோவின் மடியிலிருந்து தொப்பி நழுவித் தரையில் விழுந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

நிவெஸ் தலையைத் திருப்பினாள். தாத்தாவின் தோளுக்கு மேலிருந்து மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் வராமல், உதடு மட்டும் அசைந்தது.

"வேண்டாம்மா."